சுருள்வில்லில் ஒரு சுற்று குறைந்தால்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து, சேமித்த பணத்தில் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கியிருந்தான். வாசலில் நின்ற காரைப் பார்த்ததும் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. சக்கரங்களுக்கும் அவற்றின் மேலுள்ள வளைவுகளுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மிகவும் குறைந்து, வண்டி தரையோடு பதுங்கி நிற்பது போல் இருந்தது.

"நான்கு சக்கரத்திலும் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுற்று வெட்டி எடுத்துவிட்டேன் சார். பந்தயக் கார்கள் எல்லாம் தாழ்வாகத்தானே இருக்கின்றன? ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் சமநிலையின் உறுதி கூடும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? அடுத்த வாரம் அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள் எல்லாரும் கொல்லிமலைக்குப் போகிறோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! வளைவில் வண்டி சாயாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தேன்" என்றான்.

பிறகு சற்றுத் தயங்கி, "ஒரு சந்தேகம் சார். வெட்டிய சுற்றின் உயரம் ஐந்து சென்டிமீட்டர். ஆனால் வண்டி நான்கு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. மீதி எங்கே போயிற்று? இன்னொன்று, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது" என்றான்.

அவன் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் செய்திருந்தான். ஆனால் அதில் பாதியை மட்டுமே செய்திருந்தான். அன்று அவனுடன் அமர்ந்து தாளில் போட்ட கணக்கை இங்கே உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

கணக்குக்கு ஒரு கார்

எளிய எண்களாக எடுத்துக் கொள்வோம். ஆட்களுடன் காரின் நிறை 800 கிலோகிராம். ஒவ்வொரு சக்கரமும் 200 கிலோகிராமைத் தாங்குகிறது. சக்கரங்களின் சொந்த நிறையை விட்டுவிடுவோம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தொலைவு 1.2 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொள்வோம். உண்மையான சிறிய கார்களின் அளவுகள் இவற்றிலிருந்து அதிகம் விலகி இருக்கமாட்டா.

ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் ஒரு சுருள்வில் உண்டு. சுமையில்லாதபோது அதன் நீளம் 300 மில்லிமீட்டர். அதில் வேலை செய்யும் சுற்றுகள் 6. அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் விசை வேண்டும். இதுவே அதன் வில் மாறிலி. 2000 நியூட்டன் எடை அதன் மேல் அமர்ந்தால் ஊக்கின் விதிப்படி 100 மில்லிமீட்டர் அமுங்கி 200 மில்லிமீட்டர் நீளத்தில் நிற்கும்.

காணாமற்போன உயரம்

ஒரு ரப்பர் வளையத்தை வெட்டி நீளமான பட்டையாக்குங்கள். ஒரு நுனியை ஆணியில் கட்டி, மறு நுனியில் சாவிக் கொத்து ஒன்றைத் தொங்கவிட்டு, பட்டை எவ்வளவு நீள்கிறது என்று அளவுகோலால் அளந்து கொள்ளுங்கள். பின்னர் பட்டையைச் சரிபாதியாக்கி, ஒரு பாதியில் அதே கொத்தைத் தொங்கவிடுங்கள். இம்முறை நீட்சி ஏறக்குறைய பாதியே இருக்கும். சுமை ஒன்றுதான். பட்டையின் ஒவ்வொரு பகுதியும் அதே விசையை உணர்ந்து, தன் பங்குக்குச் சிறிது நீள்கிறது. பங்காளிகள் குறைந்தால் மொத்த நீட்சியும் குறைகிறது. அதாவது, பாதிப் பட்டை முழுப் பட்டையைவிட இரு மடங்கு விறைப்பானது.

சுருள்வில்லும் அப்படியே. ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் மீதமுள்ள ஐந்து சுற்றுகளின் வில் மாறிலி 20 × 6/5 = 24 நியூட்டன்/மில்லிமீட்டர். வில் குட்டையானதோடு விறைப்பும் ஆகிவிட்டது. சுமையற்ற நீளம் 250 மில்லிமீட்டர். 2000 நியூட்டன் எடையில் அது 2000/24 = 83 மில்லிமீட்டர் அமுங்கும். ஆகவே, காரைத் தாங்கி நிற்கும்போது அதன் நீளம் 250 – 83 = 167 மில்லிமீட்டர். முன்பு 200, இப்போது 167. வண்டி இறங்கியது 33 மில்லிமீட்டர் மட்டுமே. ஆளில்லாத வண்டியில் சுமை குறைவாதலால் இறக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கும். எனினும் 50 மில்லிமீட்டரை எட்டாது.

"காணாமற்போன உயரம் விறைப்பாக மாறிவிட்டது" என்றேன். அவன் முகத்தில் மகிழ்ச்சி. "விறைப்பு கூடியது நல்லதுதானே சார்?" என்று கேட்டான். பொறுங்கள், முதலில் அவனுக்கு வந்த இலாபத்தைக் கணக்கிடுவோம்.

இலாபம் எவ்வளவு?

கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஆரம் 10 மீட்டர் என்று கொள்வோம். அதில் கார் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்புகிறது. மையநோக்கு முடுக்கம் v²/r = 25/10 = 2.5 மீ/வி². இதற்கு வேண்டிய விசை 800 × 2.5 = 2000 நியூட்டன். இவ்விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. அது தரை மட்டத்தில் செயல்படுகிறது. காரின் ஈர்ப்பு மையமோ 55 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. இந்த உயர வேறுபாட்டால் வெளிப்புறச் சக்கரங்களின் மேல் சுமை கூடுகிறது. உட்புறச் சக்கரங்களில் அதே அளவு குறைகிறது. திருப்புத்திறன் கணக்கின்படி, இடம் மாறும் சுமை 2000 × 0.55/1.2 = 917 நியூட்டன். நேராகப் போகும்போது ஒவ்வொரு பக்கமும் 4000 நியூட்டன் என்றால், வளைவில் வெளிப்பக்கம் 4917, உட்பக்கம் 3083.

இப்போது ஈர்ப்பு மையத்தை 3.3 சென்டிமீட்டர் தாழ்த்துவோம். இடம் மாறும் சுமை 2000 × 0.517/1.2 = 862 நியூட்டன். மிச்சம் 55 நியூட்டன். சந்தையில் ஐந்தரைக் கிலோ வெங்காயத்தின் எடை அது! நூற்றுக்கு 6 பங்கு குறைந்திருக்கிறது. இலாபம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதே இலாபத்தைப் பெற இன்னொரு வழி உண்டு. சுமை மாற்றம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே, மணிக்கு 18 கிலோமீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 17½ கிலோமீட்டரில் திரும்பினால் போதும். வில்லில் கை வைக்க வேண்டியதே இல்லை.

"கவிழ்ந்துவிடாது அல்லவா?" என்று கேட்டான். அதையும் பார்ப்போம். உட்புறச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்ப வேண்டுமானால், பக்கவாட்டு விசை எடையைப் போல் 0.6/0.55 = 1.09 மடங்கு இருக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் சுமார் 0.7 அல்லது 0.8 இருக்கும். ஆகவே சமதளச் சாலையில் இந்தக் கார் கவிழும் நிலையை அடையும் முன்பே சறுக்கத் தொடங்கிவிடும். அவன் அஞ்சியது கவிழ்வதை. உண்மையில் அஞ்ச வேண்டியது டயரின் பிடி விட்டுப் போவதை. அந்தப் பிடிதான் நாம் அடுத்துக் காணப் போகும் நட்டத்தில் சிக்கியிருக்கிறது.

'டொக்' என்ற சத்தம்

சக்கரம் மேடு ஒன்றின் மேல் ஏறும்போது சுருள்வில் அமுங்குகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் அமுங்கலாமா? முடியாது. ஓர் எல்லையில் ரப்பர்க் கட்டை ஒன்று இருக்கிறது. இரும்போடு இரும்பு மோதாமல் தடுக்கும் கடைசிக் காவலன் அது. நமது காரில் சாதாரண நிலையிலிருந்து அந்தக் கட்டை வரை 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது. வண்டியை 33 மில்லிமீட்டர் தாழ்த்தியதும் மீந்தது 47 மில்லிமீட்டர்தான். வேகத்தடையில் அவன் கேட்ட சத்தம், கட்டையில் இடிக்கும் சத்தமே.

இடம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தால் தாங்கும் ஆற்றலும் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறீர்களா? சமநிலையில் எடையும் வில்லின் விசையும் ஒன்றுக்கொன்று ஈடாகி நிற்கின்றன. அதற்கு மேல் x தொலைவு அமுக்கச் செய்யும் வேலை ½kx². தொலைவு இருமடியாக வருவதைக் கவனியுங்கள்.

முன்பு: ½ × 20,000 × 0.08 × 0.08 = 64 ஜூல்.
இப்போது: ½ × 24,000 × 0.047 × 0.047 = 26.5 ஜூல்.

விறைப்பு கூடியிருந்தும், அதிர்ச்சியை ஏற்கும் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. வேறு விதமாகச் சொல்வதானால், 3.2 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தோடு வண்டி இறங்கினால் அதை ஏந்திக் கொண்ட வில், இப்போது 1.3 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் தாங்காது. ஷாக் அப்சார்பரும் இதில் ஒரு பங்கை ஏற்கும். ஆயினும் ஒப்பீடு மாறாது.

பழைய திறனை 47 மில்லிமீட்டருக்குள்ளேயே பெற முடியாதா? முடியும். ½kx² = 64 என்று எழுதி k-யைக் கண்டுபிடித்தால் 58 நியூட்டன்/மில்லிமீட்டர் என்று வரும். பழைய வில்லைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு! அப்போது வண்டி ஆடும் இயற்கை அதிர்வெண் விநாடிக்கு 1.6 லிருந்து 2.7 ஆக உயரும். பந்தயக் காரில் இதைத்தான் செய்கிறார்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது போன்ற பந்தயத் தடத்தில் பள்ளமும் இல்லை, வேகத்தடையும் இல்லை. ஓட்டுபவர் ஒருவரே, உடல் குலுங்குவதைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. பந்தயக் கார் தாழ்வாக இருக்க முடிவதற்குக் காரணம் அதன் சாலை வழவழப்பாக இருப்பதே. காரைத் தாழ்த்தியவன் சாலையையும் அல்லவா மாற்றியிருக்க வேண்டும்!

வளைவில் ஒரு பள்ளம்

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் வெளிப்புறத்துக்கு மாறிய 862 நியூட்டனை முன், பின் சக்கரங்கள் இரண்டும் பங்கிட்டுக் கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 431. இதனால் வில் மேலும் 18 மில்லிமீட்டர் அமுங்கும். 47-ல் 18 போனால் மீதி 29 மில்லிமீட்டர். இதே வளைவில் பழைய வில்லுக்கு 57 மில்லிமீட்டர் மீந்திருக்கும்.

அந்த நேரத்தில் வெளிப்புறச் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால் என்ன நடக்கும்? 29 மில்லிமீட்டர் நொடியில் தீர்ந்துவிடும்; வண்டி ரப்பர்க் கட்டையில் இடிக்கும். அக்கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு வில்லே இல்லை என்று கொள்ளலாம். சுமை திடீரென ஏறி, அடுத்த கணமே சக்கரம் தரையைவிட்டு எழும்பப் பார்க்கும். உராய்வு விசை, சக்கரம் தரையை அழுத்தும் விசையைப் பொறுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். தரையை அழுத்தாத டயருக்கு உராய்வு ஏது? வண்டி வளைவை விட்டு வெளிப்பக்கம் நழுவும். மலைப்பாதையில் அந்த வெளிப்பக்கத்தில் என்ன இருக்கும் என்பதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

தொங்கும் சக்கரம்

"வா, இன்னொன்று காட்டுகிறேன்" என்று வாசலுக்கு அழைத்துப் போனேன். காரின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினோம். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பித் தொங்கியது. சுருள்வில்லைக் கையால் பிடித்து ஆட்டச் சொன்னேன். அது தன் இருக்கையில் கடகடவென்று ஆடியது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை ஷாக் அப்சார்பரின் நீளம் முடிவு செய்கிறது. நமது காரில் அப்போது வில் இருக்கும் இடத்தின் நீளம் 290 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 300 மில்லிமீட்டர் வில் அந்த நிலையிலும் 10 மில்லிமீட்டர் அமுங்கி, இறுக்கமாக அமர்ந்திருக்கும். தொழிற்சாலையில் வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள். வெட்டிய வில்லின் நீளமோ 250. ஆகவே 40 மில்லிமீட்டர் வெற்றிடம்! சக்கரம் ஒரு பெரிய பள்ளத்தின் மேல் தொங்கினால் வில் தன் இருக்கையிலிருந்து விலகிவிடலாம். மீண்டும் சுமை ஏறும்போது அது சரியான இடத்தில் அமரும் என்று யார் உறுதி கூற முடியும்?

சிலர் வெட்டுவதற்குப் பதிலாக, காஸ் சுடரால் வில்லைச் சிவக்கச் சுட்டு அமுங்க விடுகிறார்கள். இது இன்னும் மோசம். வில் எஃகைச் சூடாக்கி, விரைவாகக் குளிர்வித்து, மீண்டும் அளவாகச் சூடாக்கிப் பதம் செய்திருப்பார்கள். அதன் மீள்திறன் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. கண்டபடி சுட்டால் பதம் கெட்டு, வில் நாளடைவில் மேலும் தொய்யும், உடையவும் கூடும்.

வேறு சில விளைவுகளும் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் கைகளின் சாய்வு மாறுவதால் சக்கரமே சற்றுச் சாய்ந்து, டயர் ஒரு பக்கமாகத் தேயும். மேடு பள்ளங்களில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி சாலைக்கு அருகே வந்துவிடும். கல்லில் இடித்து அது ஓட்டையானால் எண்ணெய் வடிந்து எஞ்சின் இறுகிப் போகும்.

உயரம் வீணான இடமன்று

சிறிய காருக்கு வில்லின் இடம் பெரிய காரைவிட அதிகம் தேவை என்று கூடச் சொல்லலாம். ஏனெனில், பெரிய காரில் ஐந்து பேர் ஏறினால் எடை சிறிதளவே கூடுகிறது. சிறிய காரில் அவர்களே எடையில் பெரும்பங்கு. ஆட்கள் ஏறியதுமே வில்லின் இடத்தில் ஒரு பகுதி தீர்ந்துவிடுகிறது.

பிரான்சு நாட்டில் சிட்ரோயன் நிறுவனம் 1948-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் '2சிவி' என்ற சிறிய காரை வெளியிட்டது. கிராமத்து உழவர்களுக்கான வண்டி அது. ஒரு கூடை முட்டையுடன் உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பது அதன் வடிவமைப்பாளர்களுக்கு இடப்பட்ட நிபந்தனைகளில் ஒன்று. அவர்கள் மென்மையான விற்களையும், சக்கரம் மேலும் கீழும் ஆட நிறைய இடத்தையும் கொடுத்தார்கள். அந்தக் கார் வளைவில் நன்றாகவே சாயும். ஆனால் சக்கரங்கள் தரையை விட்டு எளிதில் விலகமாட்டா. வண்டி சாய்வது வேறு, பிடி இழப்பது வேறு என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, 1990 வரை அது தயாரிக்கப்பட்டது.

காரின் சக்கரத்துக்கு மேலே தெரியும் இடைவெளியைப் பார்த்து, 'இது எதற்கு வீணாக?' என்று நினைக்கத் தோன்றும். அது வில் வேலை செய்யும் அறை. அறையைச் சுருக்கினால் வேலையும் சுருங்கும்.

வெட்டிய வில்லை ஒட்ட முடியாது. என் மாணவன் அன்றே ஊருக்குள் போய்ப் புதிய விற்கள் நான்கு வாங்கி, வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தான். செலவுதான், முகம் சற்று வாடித்தான் இருந்தது. மறுவாரம் மலைக்குப் போய்த் திரும்பியதும் தொலைபேசியில் பேசினான். "வளைவுக்கு வளைவு பதினேழரை சார்!" என்றான். பின்னால் குழந்தைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெட்டி எடுத்த சுற்றுகளில் ஒன்று இப்போது என் மேசையில் தாள்களின் மேல் கிடக்கிறது. ஈர்ப்பு மையம் பற்றிய பாடம் நடத்தும் நாளில் அதை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். பாடத்தின் மறு பாதியை விட்டுவிடாமல் இருக்க அது எனக்கு ஒரு நினைவூட்டல்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

1. நமது காரின் வில்லில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சுற்றுகளை வெட்டியிருந்தால் வில் மாறிலி என்ன? வண்டி எவ்வளவு இறங்கும்? ரப்பர்க் கட்டை வரை எவ்வளவு இடம் மீந்திருக்கும்? அதற்குள் ஏற்கக்கூடிய ஆற்றல் எவ்வளவு?

2. வெட்டாத வில்லின் மேல் 200 கிலோகிராம் இருந்தால் வண்டி விநாடிக்குச் சுமார் 1.6 முறை ஆடும். ஆட்கள் இறங்கி 150 கிலோகிராம் மட்டும் இருந்தால் அதிர்வெண் என்ன? ஆளில்லாத வண்டி ஏன் அதிகம் குலுங்குகிறது?

விடைகள்: 1. 30 நியூட்டன்/மில்லிமீட்டர், 67 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர், ஏறத்தாழ 2.7 ஜூல். 2. விநாடிக்குச் சுமார் 1.8 முறை. நிறை குறையும்போது அதே வில் அந்த நிறையை வேகமாக ஆட்டுகிறது. ஆகவே குலுக்கல் மிகுதியாகத் தெரிகிறது.